மான்டரே கடலில் இறங்குவதற்கு முன்

கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே விஷயமாக இருக்கும். "மான்டரேல ஸ்நார்க்கலிங் பண்ணலாமாமே, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போலாமா அக்கா? எந்த பீச் நல்லது?" மாஸ்க்கும் மூச்சு விடும் குழாயும் மாட்டிக்கொண்டு, மிதந்தபடியே கடலுக்குள் பார்ப்பதுதான் ஸ்நார்க்கலிங். கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ஹவாயில் கடலுக்குள் முகம் வைத்துப் பார்த்தவர்கள். மாஸ்க், மூச்சுக்குழாய் எல்லாம் வீட்டில் இருக்கும். கலிபோர்னியாவில் சான் ஹோசேயிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதுவதை விட்டு, எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

போகலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் கட்டாயம் போக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஹவாயில் செய்த எதையும் அப்படியே இங்கே செய்யக் கூடாது.

மான்டரே விரிகுடாவில் தண்ணீர் வருடம் முழுக்க 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள்தான் இருக்கும். ஜூலையிலும் அப்படித்தான். சான் ஹோசேயில் வெயில் கொளுத்தும் நாளில் இங்கே பனிமூட்டம் போர்த்திக் கிடக்கும். வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று கரையை ஒட்டி வீசுகிறது. பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்ள, மேல்மட்டத் தண்ணீர் கரையை விட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. குளச்சல் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கடலிலும் இதே போல அடித்தண்ணீர் மேலே ஏறும், அதோடுதான் சாளையும், அதாவது மத்தி மீனும் வரும். மான்டரேயிலும் ஒரு காலத்தில் சாளைதான் ராஜா. கேனரி ரோ என்று இன்று சுற்றுலாப் பயணிகள் நடக்கும் தெரு முழுக்க மத்தி மீனை டின்னில் அடைக்கும் ஆலைகளாக இருந்தது. ஆழத்துத் தண்ணீர் கொண்டுவரும் சத்தில்தான் அந்த மீனும், இன்றுள்ள கெல்ப் என்ற பெரிய கடல்பாசிக் காடும், திமிங்கலங்களும் எல்லாமே. அதனால் இந்தக் குளிரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதை மதித்து இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே நான் பார்த்த வரையில், மனிதருக்கு வரும் ஆபத்தும் சரி, கடலுக்கு நாம் செய்யும் சேதமும் சரி, பெரும்பாலும் ஒரே ஆளிடமிருந்துதான் தொடங்குகின்றன: குளிரில் விறைத்து, பதறிப்போன ஒருவர். அவர்தான் கெல்பைப் பிடித்து இழுப்பார், கண்ணில் பட்ட பாறை மேல் எல்லாம் ஏறி நிற்பார், கால்களை உதைத்து அடிமண்ணைக் கலக்குவார். உடம்பு சூடாகவும் மனம் நிதானமாகவும் இருக்கிறவர் எதையும் தொட வேண்டிய தேவையே வராது. அதனால் "கடலைக் காப்பாற்ற என்ன செய்யணும்?" என்று யாராவது கேட்டால்கூட நான் முதலில் வெட்சூட் பற்றித்தான், அதாவது உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை பற்றித்தான் பேசுவேன்.

அதற்கு முன் உடம்பு என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். குளிர்ந்த நீர் தோலில் பட்டதும் முதலில் கட்டுப்பாட்டை விட்டுப் போவது மூச்சு. நம்மைக் கேட்காமலே வாய் திறந்து ஒரு பெரிய மூச்சு உள்ளே போகும். அந்த நொடியில் வாய் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றாக இருக்காது. அப்புறம் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மூச்சு வேகவேகமாக இரைக்கும், இதயம் படபடவென்று அடிக்கும். குளிர்நீரில் இறப்பவர்கள் எல்லாம் உறைந்துபோய் இறக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பலர் அந்த முதல் சில நிமிடத்திலேயே மூச்சு தடுமாறி மூழ்கிப் போகிறார்கள். கனடாவில் மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு எளிதான ஒரு கணக்குச் சொல்லித் தந்திருக்கிறார்: 1-10-1. மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சை அடக்க 1 நிமிடம், கையும் காலும் சொன்னபடி கேட்க சுமார் 10 நிமிடம், உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். இது வெட்சூட் இல்லாமல் தவறி விழுந்தவர்களுக்கான கணக்கு. ஆனால் எது முதலில் வரும், எது பின்னால் வரும் என்ற வரிசை எல்லோருக்கும் பொதுவானது.

இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. குளிர் தோலில் பட்டால் இதயத்தை வேகப்படுத்தும். குளிர்ந்த நீர் முகத்தில் பட்டு மூச்சையும் அடக்கினால் இதயத்தை மெதுவாக்கச் சொல்லும். ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் கட்டளை. ஆரோக்கியமான இதயம் சமாளித்துக்கொள்ளும், எல்லா இதயமும் சமாளிக்காது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை "சும்மா ஒரு தடவை இறங்கிப் பாருங்க" என்று வற்புறுத்தாதீர்கள்.

சரி, வெட்சூட். இங்கே 7 மில்லிமீட்டர் தடிமன்தான் டைவ் கடைகளில் வாடகைக்குத் தருவார்கள், அதுதான் வேண்டும். சாண்டா குரூஸில் அலைச்சறுக்குக்கு வாங்கிய 3 மில்லிமீட்டரைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அலைச்சறுக்குக்காரர் பாதி நேரம் தண்ணீருக்கு மேலே இருப்பார், கையை வீசிக்கொண்டே இருப்பார். நாம் முகத்தைத் தண்ணீரில் வைத்து அசையாமல் மிதக்கப் போகிறோம். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக்குமிழ்கள்தான் அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் நம் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஹியூ பிராட்னர்தான் இந்த யோசனையைச் செய்து காட்டினார். உள்ளே தண்ணீர் வரத்தான் செய்யும். வந்த தண்ணீர் உள்ளேயே நின்றால் சூடாகிவிடும், உள்ளும் வெளியும் போய் வந்துகொண்டிருந்தால் சூடு போய்விடும். அதனால் அளவு சரியாக இருக்க வேண்டும். அக்குளிலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் காற்றுப் பை போல இடைவெளி இருந்தால் கடையிலேயே மாற்றிக் கேளுங்கள். கழுத்து இறுக்கமாக இருந்து மூச்சு முட்டினாலும் மாற்றுங்கள், வெட்கப்பட வேண்டாம். தலையை மூடும் ஹூட், கையுறை, பூட்ஸ் மூன்றும் கட்டாயம். ஹூட் போட்டால் காது கேட்காது, முகம் பிதுங்குகிறது என்று கழற்றி வைக்கிறவர்கள் சீக்கிரமே நெற்றி வலியோடு கரையேறிவிடுகிறார்கள்.

இன்னொரு நன்மை, 7 மில்லிமீட்டர் சூட்டில் நீங்கள் மூழ்க நினைத்தாலும் மூழ்க முடியாது. அது உங்களை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கீழே போய்ப் பார்க்க ஈயக்கட்டி கோத்த பெல்ட் வேண்டும். முதல் முறை வருபவர்களுக்கு அந்தப் பெல்ட் வேண்டவே வேண்டாம். மேலிருந்து பார்த்தாலே போதும், அவ்வளவு இருக்கிறது. கீழே போய்ப் பழகியவர்களும் குதிக்கும் முன் நாலைந்து தடவை வேகமாக மூச்சு இழுத்து விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதனால் ஆக்சிஜன் கூடுவதில்லை, கார்பன் டை ஆக்ஸைடுதான் குறைகிறது. மூச்சு விடச் சொல்லி மூளையைத் தட்டி எழுப்புவது அதுதான். அது குறைந்தால் எச்சரிக்கையே இல்லாமல் மயக்கம் வரும், தண்ணீருக்கு அடியில். முழு முகத்தையும் மூடும் மாஸ்க் பற்றியும் கேட்கிறார்கள். இந்தக் கடலுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஹூட்டின் மேல் அது சரியாகப் பொருந்தாது, அவசரத்தில் ஒரே இழுப்பில் கழற்றவும் முடியாது.

எந்தக் கரை என்பது அடுத்தது. புதியவர்களை நான் அழைத்துப் போவது சான் கார்லோஸ் பீச்சுக்கு. பிரேக்வாட்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கடலோரக் காவல்படைப் பாலத்தை ஒட்டி நீளமாக ஒரு அலைத்தடுப்புச் சுவர் போகிறது, அதன் பாறைகள் மேல் கடல் சிங்கங்கள் படுத்துக்கொண்டு நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். வடமேற்கிலிருந்து வரும் அலைகளை மான்டரே தீபகற்பமே மறைத்துவிடுவதால் கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மணல் சரிவு மெதுவானது. குளிக்கக் குழாய், கழிப்பறை எல்லாம் பக்கத்திலேயே. டைவிங் கற்றுக்கொடுப்பவர்கள் வார இறுதியில் கூட்டமாக இருப்பார்கள், அது எனக்கு ஒரு தைரியம்.

அழகு என்று பார்த்தால் பசிபிக் குரோவ் ஊரின் லவர்ஸ் பாயின்ட். வசந்தத்தில் கடற்கரைப் பாதை நெடுக இளஞ்சிவப்புப் பூ விரித்துக் கிடக்கும், அதன் கீழே பாறை, அதற்கும் கீழே நீலமும் பச்சையுமாகத் தண்ணீர். படியில் இறங்கினால் சின்ன மணல்திட்டு. அலை அமைதியான நாளில் அருமையான இடம். 2022 ஜூனில் அங்கே நீந்திக்கொண்டிருந்த ஒருவரை வெள்ளைச் சுறா கடித்தது. பக்கத்தில் பலகையிலும் அலைச்சறுக்கிலும் இருந்தவர்கள் துணிந்து போய் இழுத்து வந்ததால் அவர் பிழைத்தார். இது மிக அரிது என்று தெரிந்தும் சொல்கிறேன், ஏனென்றால் அவரைக் காப்பாற்றியது பக்கத்தில் ஆள் இருந்ததுதான். தனியாக இறங்காதீர்கள். துணைக்கு வருபவரும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஐம்பது மீட்டர் தள்ளி அவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தால் அது துணை இல்லை.

போகக் கூடாத இடம் ஒன்று உண்டு. கார்மெலுக்குத் தெற்கே ஹைவே 1 ஓரமாக, கன்னிமடத்துக்கு எதிரே பளபளவென்று ஒரு கடற்கரை வரும். மொனாஸ்டரி பீச். காரை நிறுத்தி இறங்கச் சொல்லும் அழகு. கார்மெல் ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகே வரை வந்துவிடுவதால் அலை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள ஆழமற்ற இடமே இல்லை. நேராகக் கரையில் வந்து அறையும். மணலோ செங்குத்துச் சரிவு, அரிசி மணி அளவுக்குப் பெரிய பருக்கை மணல், கால் வைத்தால் சரிந்து உள்ளே இழுக்கும். அங்கே பலர் இறந்திருக்கிறார்கள். உள்ளூர் டைவர்கள் பிணவறைக் கடற்கரை என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகைகளும் இருக்கின்றன. தண்ணீரில் கால் நனைக்கக்கூட அங்கே குழந்தைகளை விடாதீர்கள்.

எந்தக் கரையானாலும் சூட்டை மாட்டுவதற்கு முன் கால் மணி நேரமாவது கடலைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அலை ஒரே அளவில் வராது. சிறிதாகவே வந்துகொண்டிருந்து, திடீரென்று நாலைந்து பெரியவை தொடர்ந்து வரும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "அமைதியா இருக்கே" என்று இறங்கினால் அந்தப் பெரியவை உங்களைப் பாறையோரத்தில் வந்து சந்திக்கும். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அலை உயரத்தோடு, இரண்டு அலைக்கு இடையே எத்தனை நொடி என்பதையும் பாருங்கள். அதே உயரம்தான் என்றாலும் 8 நொடி அலையைவிட 15 நொடி அலைக்குப் பலம் மிக அதிகம். காலையில் போங்கள். மதியத்துக்கு மேல் காற்று எழும், தண்ணீர் கலங்கும்.

அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு மே மாதம் இங்கே வந்திருந்தாள். நாகர்கோவிலில் வளர்ந்தவள், முட்டம் கடலில் அவள் அப்பாவோடு நீந்தியவள். "எனக்குக் கடல் பழக்கம்தான் அத்தை, நீங்க பயப்படாதீங்க" என்றாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றபோதே உதடு இறுகிவிட்டது. வெட்சூட்டின் கழுத்து வழியாக முதுகில் தண்ணீர் இறங்கியதும், "அத்தை, மூச்சு முட்டுது" என்று என் கையைப் பிடித்தாள். "மக்களே, மல்லாந்து படு. வாயால வெளிய ஊது. உள்ள இழுக்கறதைப் பத்தி யோசிக்காத, ஊது." மிதந்தாள். நான் அவள் தலைக்குப் பின்னால் கை வைத்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, மூச்சு சீரானது, முகம் தெளிந்தது. பிரிட்டனில் உயிர்காப்புப் படகு நிறுவனமான ஆர்என்எல்ஐ மக்களுக்குச் சொல்லித் தருவதும் இதைத்தான்: குளிர்நீரில் விழுந்தால் நீந்த முயலாதே, மல்லாந்து மித, மூச்சு அடங்கட்டும். அதனால்தான் நான் யாரையும் ஓடிப்போய்க் குதிக்க விடுவதில்லை. முழங்கால் ஆழத்தில் முகத்தைக் கழுவி, கழுத்தில் தண்ணீர் விட்டு, இடுப்பளவில் நின்று, மிதந்து, மூச்சு அடங்கிய பிறகுதான் மாஸ்க்.

அப்புறம் முகத்தை உள்ளே வைத்தாள். ஒரு நிமிடத்துக்கு அசைவே இல்லை. பிறகு குழாய் வழியாகவே ஏதோ கத்தினாள்.

கெல்ப் காட்டை முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். அடியில் பாறையைப் பற்றியிருக்கும் முடிச்சிலிருந்து பழுப்புப் பொன் நிறத்தில் தண்டுகள் எழுந்து வந்து மேற்பரப்பில் படரும். ஒவ்வொரு இலையின் அடியிலும் ஒரு காற்றுக்குமிழ், அதுதான் முழுச் செடியையும் நிமிர்த்தி நிறுத்துகிறது. இதற்கு நிலத்துச் செடி போல வேர் கிடையாது, சத்தை எல்லாம் இலைகளே நேராகத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. நல்ல பருவத்தில் ஒரே நாளில் 25, 30 சென்டிமீட்டர் வளரும். மேலே வெயில் அடித்தால் இலைகளின் இடுக்கில் ஒளி சரிந்து இறங்கும், அதில் குட்டி மீன் கூட்டம் ஒன்று திரும்பினால் எல்லாம் சேர்ந்து மின்னும். பாறையில் செம்மஞ்சள் வௌவால் நட்சத்திர மீன்கள், விரிந்த கடல் சாமந்திகள், இலையோடு இலையாக ஒட்டியிருக்கும் கெல்ப் நண்டு, ரோஜா நிறத்தில் விரல் நுனி அளவு ஓடில்லாக் கடல் நத்தை. மெதுவாகப் போகிறவருக்குத்தான் இவை எல்லாம் கண்ணில் படும்.

கெல்ப் காலைப் பிடித்துக்கொள்ளும் என்று பயப்படுகிறார்கள். பிடிக்காது, நாம்தான் போய் மாட்டிக்கொள்கிறோம். மாட்டினால் உதைக்கக் கூடாது, திரும்பிச் சுற்றவும் கூடாது. சுற்றினால் இன்னும் இரண்டு தண்டு வந்து சேரும். அண்ணன் மகள் காலில் மாட்டியிருந்த ஃபின் என்ற நீச்சல் துடுப்பின் வாரில் ஒரு தண்டு சிக்கியது. கரையிலேயே சொல்லி வைத்திருந்தேன் என்பதால் அப்படியே நின்றாள், முழங்காலை மடக்கிக் கையால் வாரை விடுவித்துக்கொண்டாள். விடுபடவில்லை என்றால் தண்டை மடித்து ஒடித்தால் பட்டென்று ஒடிந்துவிடும், இழுத்தால்தான் அறாது. அடர்ந்த இடத்தை மேலாகக் கடக்க வேண்டி வந்தால் இரண்டு கையாலும் முன்னே விலக்கி, உடம்பைத் தட்டையாக வைத்து, காலை ஆட்டாமல் ஊர்ந்து போக வேண்டும். ஆனால் அதற்குத் தேவை வராமல், காட்டின் ஓரமாகவே மிதப்பதுதான் நல்லது. பார்க்க வேண்டியது அதிகமும் ஓரத்தில்தான் இருக்கிறது.

அந்தக் காட்டின் நடுவே மல்லாந்து படுத்துக் கிடக்கும் கடல் நீர்நாயைப் பார்த்தால் கிட்டே போகத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி தள்ளியே இருங்கள். அதற்குத் திமிங்கலத்தைப் போலக் கொழுப்புப் படலம் கிடையாது. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் வரை முடி அடர்ந்த அதன் ரோமம்தான் அதன் வெட்சூட். அதுவும் போதாமல், குளிரைத் தாங்க நாள்தோறும் தன் எடையில் கால்வாசி அளவுக்குத் தின்ன வேண்டும். நாம் கிட்டே போய் அது ஒரு தடவை திடுக்கிட்டு மூழ்கினால், அந்தச் சக்தியை ஈடுகட்ட இன்னும் நண்டு தேடி முக்குளிக்க வேண்டும். குட்டியோடு இருக்கும் தாய்க்கு அது தாங்காது. ரோமத்துக்காகவே இவற்றைக் கொன்று தீர்த்தார்கள். கலிபோர்னியாவில் அற்றே போய்விட்டது என்று நினைத்திருந்தபோது, 1938இல் பிக் சர் பக்கம் பிக்ஸ்பி ஓடை கடலில் சேரும் இடத்தில் சுமார் 50 நீர்நாய்கள் ஒரு கூட்டமாகக் கண்ணில் பட்டன. இன்று கலிபோர்னியாக் கடற்கரையில் இருக்கும் ஏறத்தாழ 3,000 நீர்நாய்களும் அந்த எஞ்சிய கூட்டத்தின் வாரிசுகள். ஹார்பர் சீல்கள் பாறையில் படுத்திருந்தால் 45 மீட்டர் தள்ளி இருங்கள். தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கத் தொடங்கினாலே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். மார்ச் முதல் மே வரை குட்டி போடும் காலம். தண்ணீருக்குள் ஒரு இளம் சீல் தானாக உங்கள் ஃபின்னை முகர்ந்து பார்க்க வரலாம். கையை நீட்டாமல் அசையாமல் மிதங்கள்.

பாறையில் இருப்பவற்றைத் தொடாதீர்கள், எடுக்காதீர்கள். லவர்ஸ் பாயின்ட்டில் வெறும் கிளிஞ்சல்கூட எடுக்கக் கூடாது. காலி ஓடு துறவி நண்டுக்கு வீடு. "ஒரு நட்சத்திர மீனைக் கையில் எடுத்துப் பார்த்துட்டுத் திரும்ப வெச்சுட்டா என்ன?" என்று கேட்பவர்களுக்கு நான் 2013ஐப் பற்றிச் சொல்வேன். அந்த வருடம் தொடங்கிய ஒரு நோயில் அலாஸ்கா முதல் மெக்சிகோ வரை நட்சத்திர மீன்கள் உருகிக் கரைந்து செத்தன. இருபதுக்கும் மேல் கைகள் கொண்ட சூரியகாந்தி நட்சத்திர மீன் கலிபோர்னியாவில் ஏறத்தாழ முழுவதுமாகவே அற்றுப் போனது. அதுதான் கெல்பைத் தின்னும் ஊதா நிறக் கடல் முள்ளெலிகளைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்தது. கூடவே 2014 முதல் 2016 வரை கடல் வழக்கத்தைவிடச் சூடாகிக் கிடந்தது. தின்பவர் இல்லாத முள்ளெலிகள் பெருகி, வடகலிபோர்னியாவில் கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் மொட்டையடித்துவிட்டன. மான்டரேயில் இன்னும் காடு திட்டுத்திட்டாகவாவது நிற்கிறது என்றால் அதற்கு நீர்நாய்கள் பெரிய காரணம். ஒரு இலை, ஒரு நண்டு, ஒரு நட்சத்திர மீன் என்று அங்கே தனியாக எதுவும் இல்லை.

இந்தக் கரை இந்த அளவுக்காவது பிழைத்ததில் ஒரு பெண்ணுக்குப் பங்கு இருக்கிறது. ஜூலியா பிளாட். விலங்கியல் படித்தவர். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு முனைவர் பட்டம் கிடைப்பது அரிதாக இருந்ததால் ஜெர்மனிக்குப் போய் 1898இல் ஃப்ரைபர்கில் வாங்கினார். வாங்கியும் பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. பசிபிக் குரோவில் குடியேறி ஊர் வேலைகளில் இறங்கினார். லவர்ஸ் பாயின்ட் கடற்கரைக்குப் போகும் வழியை ஒருவர் வேலி போட்டு அடைத்தபோது, கோடரியோடு போய் அதை உடைத்தார். 1931இல், 74 வயதில், ஊரின் மேயரானார். பக்கத்தில் மத்தி ஆலைகள் கடலை நாறடித்துக்கொண்டிருந்த நேரம் அது. தன் ஊரின் கரையையாவது காப்பாற்ற வேண்டும் என்று கடலோரத்தின் பொறுப்பை மாநிலத்திடமிருந்து ஊருக்கு வாங்கி, பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அமைத்தார். 1935இல் இறந்தார், உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். நீர்நாய்கள் பசிபிக் குரோவுக்குத் திரும்பி வந்தது 1960களின் தொடக்கத்தில். தான் யாருக்காக இடம் பிடித்து வைத்தோம் என்பதை அவர் பார்க்கவே இல்லை. இன்று அந்தக் காப்பகத்துக்கு லவர்ஸ் பாயின்ட்-ஜூலியா பிளாட் என்று அவர் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பேச்சு கேட்கத் தயாராக இருக்கிற பிள்ளைகளை அழைத்துப் போனால், வெட்சூட் மாட்டும் நேரத்தில் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

எப்போது கரையேற வேண்டும்? நடுக்கம் தொடங்கும் முன். கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். தொட முடியவில்லை என்றால் பேச்சுக்கே இடமில்லை, உடனே கரை. அந்த மே மாதம் அவளுக்கு விரல் ஒட்டவில்லை. "இன்னும் அஞ்சே நிமிஷம் அத்தை" என்று கெஞ்சினாள், ஆனாலும் கூட்டி வந்துவிட்டேன். நீச்சல் தெரிந்த பிள்ளைகளிடம்தான் இதில் கண்டிப்பு அதிகம் வேண்டும், அவர்களுக்குக் குளிர் தெரிவதற்குள் விரல் போய்விடும்.

கரைக்கு வந்த பிறகும் உடம்பின் உட்சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டேதான் போகும். கைகால்களில் குளிர்ந்த ரத்தம் நெஞ்சுக்குத் திரும்புவதால் கரையில் வந்துதான் சிலருக்கு மயக்கம் வரும். உடனே சூடான குளியல் வேண்டாம். ஈர உடையைக் கழற்றி, துடைத்து, தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டு, காற்று படாத இடத்தில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கில் கொண்டுவந்த சுக்குக் காப்பியை மெதுவாகக் குடியுங்கள். வேட்டியோ பெரிய பெட்ஷீட்டோ ஒன்று கூடுதலாக எடுத்துப் போங்கள், அதைப் போர்த்திக்கொண்டே உடை மாற்றலாம். நடுக்கம் முழுவதுமாக நிற்கும் வரை கார் ஓட்டாதீர்கள்.

எந்த மாதம் என்று கேட்டால் செப்டம்பர், அக்டோபர். காற்று ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, கொஞ்சம் சூடும் கூடியிருக்கும். குளிர்கால அலைகள் இன்னும் தொடங்கியிருக்காது. கார்மெலுக்குத் தெற்கே உள்ள பாயின்ட் லோபோஸ் காப்பகத்துக்குப் போக ஆசைப்பட்டால் அங்கே இறங்குபவர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு, முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

நீச்சல் குளத்தில் நிற்காமல் இருநூறு மீட்டர் நீந்த முடியாதவர்கள் கடலுக்கு வேண்டாம். அவர்களுக்கு மான்டரே பே அக்வேரியம் இருக்கிறது, 1984இல் திறந்தது. அதன் 28 அடி உயரக் கெல்ப் தொட்டிக்கு விரிகுடாத் தண்ணீரையே இறைத்து விடுகிறார்கள். நான் கடலில் காட்டுவதில் பாதியை அங்கே நனையாமலே பார்த்துவிடலாம். இந்த அக்டோபரில் என்னோடு வர நினைப்பவர்கள் உயரம், எடை, செருப்பு அளவு மூன்றையும் முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். கடையில் சின்ன அளவு வெட்சூட்கள்தான் முதலில் தீர்ந்துபோகும்.